வாசலோடு நின்றுவிட்ட தன்வரலாறு

கேள்வி: "நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி மகன், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி கெடான்ஜி பிரவுன் ஜாக்சன் எழுதிய 'லவ்லி ஒன்' என்ற தன்வரலாற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பழக்கதோஷத்தில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, ஓரமெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டே படித்தேன். ஆனால் அவர் உச்ச நீதிமன்றப் பதவிக்கு வந்து சேர்வதோடு புத்தகம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தானே நாம் கேட்க ஆசைப்படுவோம்? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 'இங்கேயா நிறுத்துவது?' என்று எழுதி வைத்தேன். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், 'தன் நிறத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவர், நிறம் சம்பந்தப்பட்ட வழக்கில் எப்படி நடுநிலையாக இருப்பார்? நீதிபதிகள் புத்தகமே எழுதக் கூடாது' என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு மறுக்கத் தோன்றியது, சொல்லத் தெரியவில்லை. பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி, சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். இந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுக்கலாமா?"

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அந்தப் புத்தகம் என் மேசையிலும் இருந்தது. நானும் அதைப் படித்து முடித்துவிட்டு, இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கக் கூடாதா என்று பின் அட்டையைப் புரட்டிப் பார்த்தவள்தான். 35 ஆண்டு நீதிமன்றப் பழக்கம் இருந்தும் அந்த ஏமாற்றம் எனக்கு வந்தது. எனவே நீங்கள் கோபப்பட்டதில் தவறேதும் இல்லை.

ஆனால் அவர் வேறெங்கும் நிறுத்தியிருக்க முடியாது. வழக்கறிஞர் ஒருவர் தன் வழக்குகளைப் பற்றிக் கதை கதையாக எழுதலாம். கட்சிக்காரரின் ரகசியத்தை மட்டும் காப்பாற்றினால் போதும். நீதிபதிக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வழக்கைப் பற்றி அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் தீர்ப்பிலேயே சொல்லியாக வேண்டும். பிறகு வெளியே வந்து, "நான் அப்படித் தீர்ப்பளித்ததற்கு உண்மையான காரணம் இதுதான்" என்று ஒரு வரி எழுதினாலும் அது இரண்டாவது தீர்ப்பாகிவிடும். தோற்றவர் அதைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வழக்கில் வாதாட வருகிறவர் தீர்ப்பை விட்டுவிட்டுப் புத்தகத்தை மேற்கோள் காட்டத் தொடங்குவார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்த மௌனத்துக்கென்றே ஓர் அறை இருக்கிறது. வழக்குகளைக் கேட்டு முடித்தபின் 9 நீதிபதிகளும் அங்கே கூடிப் பேசி வாக்களிப்பார்கள். எழுத்தர், சுருக்கெழுத்தாளர், உதவியாளர் என்று வேறு ஒருவருக்கும் உள்ளே இடமில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்துபோய்த் திறப்பது ஒன்பது பேரில் கடைசியாகப் பதவிக்கு வந்தவரின் வேலை. 2022 ஜூன் 30 அன்று பதவியேற்ற ஜாக்சனுக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. நாட்டின் 116ஆவது உச்ச நீதிமன்ற நீதிபதி, அந்த இருக்கைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண், அந்த அறையில் கதவு திறந்துவிடுகிறவர்! அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைத்தான் நீங்களும் நானும் அவர் புத்தகத்தில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று முணுமுணுக்கிறோம். அவருடன் பணியாற்றும் சோனியா சோட்டோமேயர் 2013இல் வெளியிட்ட தன்வரலாறும், அவர் முதன்முதலாக நீதிபதி ஆகும் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. பதவியில் இருக்கும் நீதிபதி எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நீதிமன்றப் படி வரைக்கும் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துவருவார், பிறகு கையை விட்டுவிடுவார்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம் போக வேண்டும். அமெரிக்காவின் ஃபெடரல் நீதிமன்றங்களில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்களில், நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். 1966இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவரை நியமித்தார். 1998இல், 76 வயதில் அவர் தன் கதையை எழுதி வெளியிட்டார். அதில் வழக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. ஏனென்று கேட்டால், அவர் சொல்லும் பெரிய வழக்குகளெல்லாம் அவர் வழக்கறிஞராக நடத்தியவை. சட்ட மாணவியாக இருந்தபோதே, 1945இல், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிய, பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் அலுவலகத்தில் சேர்ந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கின் மனுவை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு. உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளை வாதாடினார், 9இல் வென்றார். தோற்ற அந்தப் பத்தாவது, கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து கழற்றிவிடும் வழக்கத்தைப் பற்றியது. 1965இல் தோற்ற அதே வாதத்தின் பெரும்பகுதியை அதே உச்ச நீதிமன்றம் 21 ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்டது. ஒரு வழக்கறிஞருக்கு இதைவிட இனிய தோல்வி கிடைக்குமா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

மோட்லியின் பெற்றோர் கரீபியக் கடலின் நெவிஸ் தீவிலிருந்து அமெரிக்காவின் நியூ ஹேவனுக்குக் குடியேறியவர்கள். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் போட்டவர். 12 பிள்ளைகளில் மோட்லி ஒன்பதாவது. கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. ஊர்ச் சமூகக் கூடம் ஒன்றில் நடந்த கூட்டத்தில், இந்த இடத்தை நடத்துவதில் கறுப்பினத்தவருக்குப் பொறுப்பே இல்லை, பிறகு எப்படி ஆர்வமாக வருவார்கள் என்று அந்தப் பெண் எழுந்து பேசியிருக்கிறாள். அந்தக் கூடத்துக்குப் பணம் கொடுத்த வெள்ளையரான கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மாறாக, அவளைக் கூப்பிட்டு, என்ன படிக்க விருப்பம் என்று கேட்டு, கல்லூரிக்கும் சட்டப் படிப்புக்கும் பணம் கட்டினார்.

மிசிசிப்பி மாநிலத்து வழக்குகள் அவர் வாழ்க்கையின் கொதிக்கும் பகுதி. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்க 1961 மே மாதம் தொடுத்த வழக்கு, மேலும் கீழும் ஏறி இறங்கி 1962 செப்டம்பர் வரை இழுத்தது. மெரிடித் வந்து இறங்கிய இரவில் வளாகத்தில் கலவரம் வெடித்து 2 பேர் இறந்தார்கள். அந்த ஊர்களில் நீதிமன்றத்துக்குப் போகும் கறுப்பினப் பெண் வழக்கறிஞரை 'திருமதி மோட்லி' என்று அழைப்பதற்கே பலருக்கு வாய் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் 'மோட்லி என்கிற அந்தப் பெண்' ஆனார். இதைப் படித்தபோது எனக்கு என் ஆரம்ப நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு மாவட்ட நீதிமன்றத்தில், ஆண் ஜூனியர்களையெல்லாம் பெயர் சொல்லி, மரியாதையோடு கூப்பிட்டவர்கள், என்னை மட்டும் "ஏம்மா, நீ யாருடைய ஆபீஸ்?" என்பார்கள். மூன்று ஆண்டுகள் எனக்குப் பெயரே இல்லை. அது வேறு, மோட்லியின் உயிருக்கே ஆபத்திருந்த மிசிசிப்பி வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். பெயரை மறுப்பதில் தொடங்குவார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

ஆக, மோட்லியின் புத்தகத்தில் வழக்கு நிறைய, வீடு குறைவு. ஜாக்சனின் புத்தகத்தில் வீடு நிறைய, வழக்கு குறைவு. ஒருவர் வழக்கறிஞராகச் செய்து முடித்த போரைத் திரும்பிப் பார்த்து எழுதினார். மற்றவர் இன்னும் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது எழுதினார்.

இவர்கள் இருவருக்கும் முந்தியவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1939இல் நியூயார்க் நகரின் குடும்ப வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் ஜேன் போலின் நீதிபதியானார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். உலகக் கண்காட்சி நடந்த இடத்துக்கு வரச் சொல்லி மேயர் லா கார்டியாவிடமிருந்து அழைப்பு. ஏதோ புகார் போலிருக்கிறது என்று கணவருடன் கலக்கத்தோடு போனவரை, அங்கேயே பதவிப் பிரமாணம் எடுக்கச் சொல்லிவிட்டார் மேயர். அடுத்த 20 ஆண்டுகள் நாடு முழுவதிலும் அவர் ஒருவரே கறுப்பினப் பெண் நீதிபதி. நன்னடத்தை அதிகாரிகளை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். அரசுப் பணம் வாங்கும் குழந்தைகள் காப்பகங்கள் நிறம் பார்க்காமல் குழந்தைகளைச் சேர்க்கவும் வழி செய்தார். 1978இல், வயது வரம்பு வந்துவிட்டதே என்று மனமில்லாமல்தான் ஓய்வு பெற்றார். அந்த 39 ஆண்டுகளைப் பற்றி அவரே உட்கார்ந்து எழுதிய தன்வரலாறு நம் கையில் இல்லை. நீதிபதிகள் எழுதவே கூடாது என்கிற உங்கள் வங்கி மேலாளரிடம் இந்த இழப்பைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அவர் கேள்விக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நடுநிலை என்பதைப் பற்றி எங்கள் தொழிலில் நாள்தோறும் எழும் கேள்வி அது. அமெரிக்க நீதிமன்றத்தில் அதே கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே மனுவாகவே வந்திருக்கிறது.

1975இல் மோட்லி நியூயார்க்கில் நீதிபதி. ஒரு பெரிய சட்ட நிறுவனம் பெண் வழக்கறிஞர்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுகிறது என்ற வழக்கு அவர் முன் வந்தது. நிறுவனத்தின் தரப்பு, நீங்கள் கறுப்பினப் பெண், பாகுபாட்டை அனுபவித்திருப்பீர்கள், பாகுபாட்டுக்கு எதிராக வாதாடியும் இருக்கிறீர்கள், ஆகவே விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்டது. மோட்லி மறுத்துவிட்டார். அவர் எழுதிய உத்தரவின் சாரம் இது: நீதிபதியின் பின்னணியோ பாலினமோ இனமோ விலகுவதற்குப் போதுமான காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் எவராலும் இந்த வழக்கைக் கேட்க முடியாது. எல்லோருமே வழக்கறிஞராக இருந்து வந்தவர்கள், எல்லோருமே ஏதோ ஒரு பாலினத்தவர், பலர் பெரிய சட்ட நிறுவனங்களில் இருந்து வந்தவர்கள்.

மூன்றாவதாகச் சொன்னதை மட்டும் மறுபடி வாசியுங்கள் அம்மா. அதில் ஒரு குறும்பு இருக்கிறது. சட்ட நிறுவனங்களில் பங்குதாரராக இருந்துவிட்டு நீதிபதியான ஆண்களிடம், சட்ட நிறுவனத்தின் மீதான வழக்கிலிருந்து விலகுங்கள் என்று இந்தத் தரப்பு கேட்டிருக்குமா? அவர்களுடைய பின்னணி எவர் கண்ணுக்கும் பின்னணியாகவே தெரியாது. உங்கள் வங்கி மேலாளர் நண்பர் தவறுவதும் இதே இடத்தில்தான். நிறத்தைப் பற்றி எழுதியவருக்கு மட்டும் பின்னணி இருப்பதாகவும், எழுதாதவர்கள் பின்னணியே இல்லாமல் வானத்திலிருந்து இறங்கிவந்ததாகவும் அவர் எண்ணுகிறார்.

சரி, ஜாக்சன் எந்த வழக்கிலிருந்துமே விலகியதில்லையா? விலகியிருக்கிறார். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிராகவும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு எதிராகவும் இரண்டு வழக்குகள் வந்தன. எடுக்கக் கூடாது என்று 2023இல் தீர்ப்பு வந்தது. ஹார்வர்டு வழக்கில் ஜாக்சன் உட்காரவில்லை, வட கரோலினா வழக்கில் உட்கார்ந்தார். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால் அவர் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அந்த நிறுவனத்தோடு அவருக்கு இருந்தது பதவி சார்ந்த உறவு. அதனால் விலகினார். கறுப்பினத்தவராகப் பிறந்ததற்காக விலகவில்லை. விலக வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு சம்பவம் உங்கள் கூட்டத்துக்கு மிகவும் பிடிக்கும். 2025 மே மாதம், ஒரு நாவலாசிரியர் மீது தொடுக்கப்பட்ட பதிப்புரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 9 பேரில் 5 பேர் விலகிவிட்டார்கள். குறைந்தது 6 பேராவது இருந்தால்தான் அந்த நீதிமன்றம் முடிவெடுக்க முடியும். ஆகவே கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படியே நின்றது. விலகியவர்கள் காரணம் எழுதவில்லை. ஆனால் வழக்கில் சம்பந்தப்பட்ட பதிப்பகக் குழுமத்தில்தான் அந்த ஐவரில் நால்வருடைய புத்தகங்கள் வந்திருக்கின்றன அல்லது வரவிருந்தன. ஜாக்சன் அந்த நால்வரில் ஒருவர். அந்தப் பதிப்பகத்திடமிருந்து 'லவ்லி ஒன்' எழுதுவதற்காக 2023இல் மட்டும் 8,93,750 டாலர் முன்பணம் பெற்றதாக அவரே கணக்குக் காட்டியிருக்கிறார்.

புத்தகத்தால் நடுநிலைக்கு வந்த சிக்கல் இதுதான், டீச்சர் அம்மா. புத்தகத்துக்குள் எழுதியிருந்ததால் வந்ததல்ல, புத்தகத்துக்கு வாங்கிய பணத்தால் வந்தது. உங்கள் மேலாளர் தன் வங்கியிலேயே பார்த்திருப்பார்: மைத்துனருக்குக் கடன் அனுமதிக்கும் கோப்பில் தான் கையெழுத்துப் போடக் கூடாது என்பது விதி. விவசாயியின் மகனாகப் பிறந்த மேலாளர் விவசாயக் கடன் கோப்பையே தொடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நீதிபதிகள் புத்தகம் எழுதி இவ்வளவு சம்பாதிக்கலாமா என்று அவர் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பேன். அந்த நாட்டில் நீதிபதிகள் வெளியே உழைத்துச் சம்பாதிக்கும் பணத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு உண்டு. புத்தகத்திலிருந்து வரும் பணம் மட்டும் அதில் சேராது. எனக்கு இந்த விலக்கு சரியாகப் படவில்லை.

நிறம் தீர்ப்பை எழுதிவிடும் என்று இன்னமும் நினைப்பவர்களுக்கு அதே 2023 தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். வட கரோலினா வழக்கில் ஜாக்சன், பெரும்பான்மையிலிருந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவருடைய வாதங்களைப் பெயர் சொல்லியே பக்கம் பக்கமாக மறுத்து எழுதியவர் யார் தெரியுமா? கிளாரன்ஸ் தாமஸ். அவரும் கறுப்பினத்தவர், ஜார்ஜியா மாநிலத்தில் வறுமையில் பிறந்தவர், அவரும் 2007இல் ஒரு தன்வரலாறு வெளியிட்டவர். ஒரே நிறம், ஒரே நீதிமன்றம், ஒரே வழக்கு, எதிரெதிர்த் தீர்ப்புகள். இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

ஜாக்சனின் புத்தகத்துக்கு வருவோம். நீங்கள் அதன் எந்தெந்தப் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டீர்கள் என்று எழுதவில்லை. நான் போட்ட இடங்களைச் சொல்கிறேன்.

அவர் 1970இல் வாஷிங்டனில் பிறந்து, மயாமியில் வளர்ந்தவர். மேற்கு ஆப்பிரிக்காவில் தொண்டூழியம் செய்துகொண்டிருந்த சித்தி அனுப்பிய பெயர்ப் பட்டியலிலிருந்து பெற்றோர் அவருக்குக் கெடான்ஜி ஒன்யிகா என்று பெயரிட்டார்கள். 'அழகானவள்' என்று பொருள் சொன்னார்கள். புத்தகத்தின் தலைப்பே அதுதான். பள்ளி ஆசிரியராக இருந்த தந்தை, மகளுக்கு நாலு வயதாகும்போது வேலையை விட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் தந்தை தடிமனான சட்டப் புத்தகங்களை அடுக்கி வைத்துப் படிக்க, பக்கத்தில் மகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நீங்களும் ஆசிரியை, உங்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பிறகு பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் நாடு முழுவதும் போய் வென்று வந்த மாணவி, ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றபோது, பள்ளியில் வழிகாட்டும் பொறுப்பில் இருந்தவர், அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்படாதே என்றார். அதே ஹார்வர்டில், ஊர் நினைவில் தவித்தபடி இருட்டும் நேரத்தில் தனியே நடந்துபோன முதல் ஆண்டில், எதிரே வந்த முன்பின் தெரியாத கறுப்பினப் பெண் ஒருவர் கடந்து போகும்போது சற்றே சாய்ந்து "விடாதே, தொடர்ந்து போ" என்ற பொருளில் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். 2022இல், உச்ச நீதிமன்றப் பதவிக்கு அவரை ஏற்கலாமா என்று நாடாளுமன்ற மேலவையான செனட் நடத்திய விசாரணையில், இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது ஜாக்சன் சொன்னது இந்தக் கதையைத்தான்.

இவையெல்லாம் கூட்டத்தில் படித்துக் காட்ட நன்றாக இருக்கும். நான் அதிக நேரம் நின்றது வேறு இடத்தில். அவருடைய தந்தையின் சகோதரர் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். முந்தைய குற்றங்களைக் கூட்டிப் பார்த்து, திரும்ப வெளியே வரவே முடியாதபடி தண்டிக்கும் சட்டத்தில் சிக்கியவர். 2005 முதல் ஜாக்சன் வாஷிங்டனில், குற்ற வழக்கில் சிக்கி, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அப்போது சிறையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அந்தப் பெரியவருக்கு 2016இல்தான் ஒபாமா தண்டனையைக் குறைத்தார்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கைனை விற்பதற்காக வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே தண்டனை கொக்கைன் பொடிக்கு வர வேண்டுமென்றால் 500 கிராம் வேண்டும். பொருள் ஒன்றே, வடிவம்தான் வேறு. நூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கில் ஏழைக் கறுப்பின இளைஞர்களே சிறைக்குள் குவிந்தார்கள். 2010இல் அதை 18க்கு ஒன்று என்று குறைத்தார்கள். ஏற்கெனவே சிறையில் இருப்பவர்களுக்கும் அந்தக் குறைப்பு பொருந்துமா என்பதை, ஃபெடரல் நீதிமன்றங்களுக்குத் தண்டனை வழிகாட்டுதல்களை வகுக்கும் தண்டனை ஆணையம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2011இல் பொருந்தும் என்று முடிவெடுத்தபோது அந்த ஆணையத்தின் துணைத் தலைவர்களில் ஜாக்சனும் ஒருவர். நீதிபதி ஆவதற்கு முன்பே, தண்டனை என்றால் எத்தனை மாதம், எத்தனை கிராம் என்று எண்களோடு மல்லுக்கட்டியவர். ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் ஃபெடரல் அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவத்தோடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் நீதிபதியும் அவர்தான். அரசுத் தரப்பில் நின்று வழக்கு நடத்திவிட்டு அங்கே வந்தவர்கள் பலர் உண்டு. அதை எவரும் சார்பு என்று சொன்னதாக நினைவில்லை. இவரிடம் மட்டும் விசாரணையின்போது, பயங்கரவாதச் சந்தேகத்தில் குவான்டனாமோ முகாமில் அமெரிக்கா அடைத்துவைத்த கைதிகளுக்காக ஏன் வாதாடினீர்கள் என்று கேட்டார்கள்.

2022 ஏப்ரல் 7 அன்று செனட் 53க்கு 47 என்ற கணக்கில் அவரை ஏற்றது. முடிவை அவைத் தலைவர் இருக்கையிலிருந்து அறிவித்தவர் அன்றைய துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். அன்று அவையில் அவர் இரண்டு கறுப்பின செனட்டர்களிடம் தாளைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையில் உள்ள ஓர் இளம் கறுப்பினப் பெண்ணுக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள் என்றாராம். அவர்களில் ஒருவரான ரஃபேல் வார்னாக் தன் சின்ன மகளுக்கு எழுதினார்.

புத்தகத்தில் எனக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிடுகிறார். கணவர், மாமியார் வீடு, தோழிகள், தான் யாரிடம் எழுத்தராக வேலை பார்த்தாரோ அந்த நீதிபதிகள் என்று ஒருவரையும் விடுவதில்லை. பெரிய சட்ட நிறுவனத்தில் கைக்குழந்தையோடு திணறியதையும், மூத்த மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிய வந்த ஆண்டுகளையும் மட்டும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே புத்தகம் உயிரோடு மூச்சு விடுகிறது. மற்ற இடங்களில் கோபத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார். பதவியில் இருக்கிறவருக்கு அது தேவைதான், ஆனாலும் மோட்லி அளவுக்கு முணுமுணுத்திருக்கலாம். 1961இல் மார்ஷல் அலுவலகத்தை விட்டுப் போனபோது தலைமைப் பொறுப்பு தனக்கு வராமல் ஓர் ஆணுக்குப் போனதை, பெண் என்பதால் வந்த விளைவு என்றே மோட்லி கருதினார். 37 ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் எழுதினார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. இருவரும் பிறந்தது ஒரே செப்டம்பர் 14, சரியாக 49 ஆண்டு இடைவெளியில். ஜாக்சன் அதைத் தன் பேச்சுகளில் பெருமையாகச் சொல்வதுண்டு.

பேத்தியிடம் தாராளமாகக் கொடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீதிபதி ஆவதற்கு வழிகாட்டியாக அதைப் படிக்க வேண்டாம். அங்கே ஜனாதிபதி பெயரை முன்மொழிந்து, செனட் வாக்களித்து, ஆயுள் முழுக்கப் பதவி. நம் ஊரில் சிவில் நீதிபதித் தேர்வு எழுதி உள்ளே போவது ஒரு பாதை, வழக்கறிஞராக ஆண்டுக்கணக்கில் உழைத்து உயர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவது இன்னொரு பாதை. அந்தச் சந்தேகங்களை அவளே எனக்கு எழுதட்டும், தனியாகப் பதில் சொல்கிறேன்.

புத்தகம் முடிந்ததும், நீங்கள் தேடிய 'பிறகு' எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டுங்கள். வட கரோலினா வழக்கில் ஜாக்சன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜான், ஜேம்ஸ் என்று இரண்டு கற்பனை மாணவர்கள் அதில் வருகிறார்கள். இருவர் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக அந்த மாநிலத்தில் வாழ்ந்தவை. ஜான் சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழாவது தலைமுறை. ஜேம்ஸ் சேர்ந்தால் முதல் தலைமுறை, ஏனென்றால் அவன் முன்னோர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள், பிறகும் வெகுகாலம் உள்ளே விடவில்லை. விண்ணப்பத்தில் ஜான் தன் குடும்பக் கதையைச் சொல்லலாம், ஜேம்ஸ் சொல்லக் கூடாதா என்பது அவர் கேட்கும் கேள்வி. உங்கள் பேத்தி அதைப் படித்துவிட்டு, தாமஸ் எழுதிய மறுப்பையும் விடாமல் படிக்கட்டும். யார் சரி என்று அவள் சொல்வதை உங்கள் அடுத்த கூட்டத்தில் மேலாளர் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். அவளுடைய முதல் வாதம் அதுவாக இருக்கட்டும்.

கொடுக்கும்போது ஓரங்களில் நீங்கள் எழுதியவற்றை அழித்துவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் 'இங்கேயா நிறுத்துவது?' என்று இருக்கிறதே, அதன் கீழே அந்தத் தீர்ப்பின் தேதியை மட்டும் பென்சிலாலேயே எழுதி வையுங்கள்: 2023 ஜூன் 29.